உயர் ஆர்க்டிக்கிற்கு அனுப்பப்பட்ட இனுயிட் குடும்பங்கள்: 'சம்மதித்துத்தான் போனார்கள்' என்பதை எப்படி எடைபோடுவது?

செக்காலை முத்து (காரைக்குடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசிப்பு வட்டத்தின் அடுத்த கூட்டத்தில், கனடா அரசு 1950களில் இனுயிட் என்னும் ஆர்க்டிக் பழங்குடிக் குடும்பங்களை வடகோடித் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்திய வரலாற்றைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். ஆனாலும் ஒரு கேள்வி தீராமல் நிற்பதால், விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கம் சொல்லிவிடுகிறேன். கியூபெக் மாநிலத்தின் வடபகுதியில், ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் இனுக்ஜுவாக் என்ற ஊர் இருக்கிறது. 1953ஆம் ஆண்டுக் கோடையில் அங்கிருந்து சில குடும்பங்களை சி. டி. ஹோவ் என்ற அரசுக் கப்பலில் ஏற்றி, வழியில் பாஃபின் தீவின் பாண்ட் இன்லெட்டில் மேலும் மூன்று குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் வடக்கே எல்ஸ்மியர் தீவிலும் கார்ன்வாலிஸ் தீவிலும் இறக்கினார்கள். இன்று கிரீஸ் ஃபியோர்ட், ரெசொலூட் என்று வழங்கும் இரண்டு ஊர்களும் அப்படித்தான் உருவாயின. 1955இல் இன்னும் சில குடும்பங்கள் போய்ச் சேர்ந்தன. எல்லாரையும் கூட்டினால் ஏறத்தாழ 90 பேர்தாம்.

அரசுத் தரப்பின் விளக்கம் இது: வெள்ளை நரித் தோலின் விலை விழுந்துவிட்டது, இனுக்ஜுவாக்கில் வேட்டைக்கு மிஞ்சிய மக்கள்தொகை இருந்தது, நிவாரணத் தொகையை நம்பி வாழும் பழக்கம் பெருகியது, ஆகவே விலங்கு வளம் மிகுந்த இடத்திற்கு விருப்பப்பட்டவர்களை மட்டும் அழைத்துச் சென்றோம். போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இதை அடியோடு மறுக்கிறார்கள். ஆனால் கட்டிப்போட்டுக் கொண்டுபோனதாக அவர்களும் சொல்லவில்லை. தாங்களாகவே நடந்து வந்து கப்பலில் ஏறியவர்கள்தாம். அப்படியானால் இதைச் சம்மதம் என்பதா, கட்டாயம் என்பதா? கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால் நான் எதை அடிப்படையாக வைத்துப் பதில் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. எங்கள் வட்டத்தின் மூத்தவர் ஒருவர், "நம் செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவை விட்டு வந்த கதையோடு ஒப்பிட்டுச் சொல், அப்போதுதான் கேட்பவர்களுக்கு மனத்தில் ஏறும்" என்கிறார். பெரியவர் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை, ஆனால் அந்த ஒப்பீடு பொருந்துகிறதா என்றும் எனக்கு ஐயமாக இருக்கிறது.

---

ஆத்தங்குடி மீனா எழுதியது:

முத்து அவர்களுக்கு, நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். இந்த நிகழ்ச்சியைப் பற்றிச் சில ஆண்டுகளாகவே படித்துவருகிறேன். சம்மதமா கட்டாயமா என்ற கேள்விக்கு விடையைக் கப்பலில் ஏறிய நாளில் தேடினால் கிடைக்காது என்பதே என் எண்ணம். ஏறுவதற்கு முன் அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது, என்ன சொல்லாமல் மறைக்கப்பட்டது, இறங்கிய பிறகு "திரும்பிப் போக வேண்டும்" என்று கேட்டபோது என்ன நடந்தது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

சொல்லப்பட்டது: அங்கே வேட்டை செழிப்பாக இருக்கும், எல்லாரும் சேர்ந்தே இருக்கலாம், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பிவிடலாம். இவற்றுள் கடைசி வாக்குறுதியை நம்பித்தான் பலர் புறப்பட்டார்கள். இதைச் சொன்னவர்கள் ஊரிலிருந்த காவல்துறையினர். அவர்களிடம்தான் குடும்ப உதவித்தொகைக்கும் நிவாரணத்திற்கும் போய் நிற்க வேண்டியிருந்தது என்பதையும், இனுயிட் மக்களைப் பெயரால் அல்லாமல் கழுத்தில் தொங்கும் வில்லையில் பொறித்த எண்ணால் அரசு பதிந்துவைத்திருந்த காலம் அது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அத்தகையவர் வீட்டுவாசலில் வந்து நின்று "போகிறீர்களா?" என்று இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்கும்போது, அதைக் கேள்வியாக யார் எடுத்துக்கொள்வார்கள்?

மறைக்கப்பட்டது இதைவிடக் கனமானது. எல்லாரையும் ஒரே இடத்தில் இறக்கப்போவதில்லை, வெவ்வேறு தீவுகளுக்குப் பிரித்து அனுப்பப்போகிறோம் என்ற செய்தி, கப்பல் வடக்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அப்போது சிறுவனாக இருந்து, பின்னாளில் நுனாவுட் ஆட்சிப்பகுதி உருவாக முன்னின்று உழைத்த ஜான் அமகோவாலிக், அந்தச் செய்தியைக் கேட்டுக் கப்பல் தளத்தில் பெண்கள் அழத் தொடங்கியதையும், அதைக் கண்டு நாய்களெல்லாம் ஊளையிட்டதையும் 1993இல் இதை விசாரித்த அரச ஆணையத்தின் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். கரையிலிருந்து பல நாள் தொலைவில், கப்பல் தளத்தில் நிற்பவரிடம் போய் "உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறீர்களா?" என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பயனிருந்திருக்காது.

அடுத்தது இருள். இனுக்ஜுவாக்கில் குளிர்காலத்திலும் சிறிது நேரமாவது சூரியன் தலைகாட்டும். எல்ஸ்மியர் தீவின் தென்கரையிலோ அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரியில்தான் மீண்டும் எழும். அந்த மூன்று மாதத்திற்கும் மேற்பட்ட இருளில், பனிக்கட்டி எங்கே உறுதியாக இருக்கிறது, கடல்நாயின் மூச்சுத்துளை எங்கே இருக்கிறது என்று அறியாத கடற்கரையில், முதல் குளிர்காலத்தைக் கூடாரங்களில் கழித்தபடி வேட்டையாட வேண்டியிருந்தது. ஊரில் அவர்களுக்குப் பழகிய மீன்களும் பறவைகளும் முட்டைகளும் காட்டுப்பழங்களும் அங்கே அரிதாகவே கிடைத்தன. கஸ்தூரி எருது கண்ணெதிரே மேய்ந்தது. ஆனால் 1917 முதலே அதை வேட்டையாடத் தடை இருந்தது, கரிபூ மானுக்கும் கட்டுப்பாடு இருந்தது. "விலங்கு வளம் மிகுந்த இடம்" என்று அழைத்துப்போன அரசேதான் அந்த விலங்குகளைத் தொட்டால் தண்டனை என்றும் சொன்னது. ரெசொலூட்டில் நிலைமை வேறு விதமாகக் கசந்தது. அருகிலேயே விமானப்படைத் தளம் இருந்தும், அங்கிருப்பவர்களோடு பழகக் கூடாது என்று காவலர் தடுத்தார். தளத்தின் குப்பைமேட்டில் கிடைத்த பலகைகளைப் பொறுக்கித்தான் வீடு கட்டிக்கொண்டார்கள். அங்கே வீசப்பட்ட உணவையும் எடுத்து உண்டார்கள்.

பாண்ட் இன்லெட் குடும்பங்களை ஏன் சேர்த்தார்கள் என்றால், வடக்கத்திய இருளுக்குப் பழகியவர்கள் தெற்கத்தியாருக்குக் கற்றுக்கொடுப்பார்கள் என்ற கணக்கு. பேச்சு வழக்கும் பழக்கவழக்கமும் வேறுபட்ட இரண்டு சமூகங்களை ஒரு சிறு கரையில் இறக்கிவிட்டு "ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளுங்கள்" என்பது, வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களுக்குத் தோன்றும் யோசனை. இரு தரப்பாரும் நெடுநாள் ஒட்டாமலே இருந்தார்கள்.

இனி மூன்றாவதற்கு வருகிறேன். முத்து, உங்கள் பேச்சில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் மக்கள் திரும்பிப்போகக் கேட்டார்கள். கப்பல் தரப்படவில்லை. "உறவினர்களைப் பார்க்க ஏங்குகிறீர்கள் என்றால் அவர்களை இங்கே வரவழைத்துக்கொள்ளுங்கள்" என்பதே கிடைத்த பதில். 1955இல் வந்தவர்களில் சிலர் அப்படி ஏக்கத்தால் இழுக்கப்பட்டு வந்தவர்கள். அவ்வாண்டு வந்தவர்களுள் ஜோசஃபி ஃபிளாஹர்ட்டியும் ஒருவர். இனுக்ஜுவாக் பகுதியில் 1920களின் தொடக்கத்தில் படமெடுத்து உலகப் புகழ்பெற்ற ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் மகன் அவர். தந்தையின் முகத்தைக் கண்டறியாதவர். அவருடன் சிறுமியாக வந்த மகள் மார்த்தா பின்னாளில் இனுயிட் பெண்கள் அமைப்பின் தலைவராகி, இந்த நீதிக்காகப் பேசினார். அரசின் செலவில் ஊர் திரும்பும் ஏற்பாடு வந்தது 1980களின் இறுதியில்தான். வாக்குறுதி கொடுத்தவர்களே அதை மறுத்த அந்த நாளிலேயே, முதலில் கொடுத்த சம்மதமும் செல்லாமல் போய்விட்டது என்பது என் துணிபு.

---

தேவகோட்டை ராமநாதன் எழுதியது:

மீனா அவர்கள் சொன்னவற்றுள் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அதிகாரிகளையெல்லாம் வஞ்சகர்களாகக் காட்டிவிட வேண்டாம் என்று முத்துவைக் கேட்டுக்கொள்வேன். நான் வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நில எடுப்புப் பிரிவிலும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இந்தத் திட்டத்தை முன்னின்று வற்புறுத்தியவர்களுள் ஹென்றி லார்சன் முக்கியமானவர். காவல்துறையின் சிறு கப்பலான செயின்ட் ராக்கில் வடமேற்குக் கடல்வழியை 1940 முதல் 1942 வரை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்த மாலுமி அவர். இனுயிட் மக்கள் மீது பரிவு கொண்டவர் என்றே அவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். நிவாரணத்திற்குக் கையேந்தாமல் முன்னோர்களைப்போல் வேட்டையாடி மானத்தோடு வாழட்டும் என்று அவரைப் போன்றவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்த கொடுமையைவிட, நல்ல எண்ணத்தோடு செய்த கொடுமையைக் கோப்பில் கண்டுபிடிப்பது கடினம். ஏனென்றால் எழுதியவர் எங்கேயும் எதையும் ஒளிக்க முயன்றிருக்க மாட்டார்.

சம்மதம் எப்படிக் கோப்பில் ஏறுகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். பழைய 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் எடுக்கும்போது 5-ஏ விசாரணை என்று ஒன்று உண்டு. நில உடைமையாளர் வந்து நிற்பார். எழுத்தர் தாளை எடுத்து, "நான் மேற்படி கிராமத்தில் வசித்து வருகிறேன்" என்று தொடங்கி, "எனக்கு ஆட்சேபணை ஏதுமில்லை" என்று முடிப்பார். அடியில் "படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டேன்" என்று ஒரு வரி. அதன்கீழ் கைநாட்டு. ஊதா மை காய்வதற்கு முன்பே அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த வாக்குமூலத்தில் ஒரு சொல்கூட அந்த மனிதர் வாயிலிருந்து வந்ததாக இருக்காது. ஆனால் மேல்முறையீட்டில் அதுதான் நிற்கும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இப்படிப்பட்ட வாக்குமூலங்கள் ஒரே கையெழுத்தில், ஒரே வாசகத்தில் கட்டுக்கட்டாக இருந்தன. யாரும் பொய் எழுதவில்லை. யாரும் யாரையும் மிரட்டவும் இல்லை.

ஆகவே, "விருப்பப்பட்டவர்கள் மட்டுமே" என்று கனடாவின் கோப்புகளில் இருப்பதைக் கண்டு நான் வியக்கவில்லை. இனுயிட் தரப்பின் கோரிக்கை வலுத்தபோது, கனடா அரசு ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தைக் கொண்டு ஆய்வு செய்தது. கோப்புகளின் அடிப்படையில் எழுதப்பட்ட அந்த அறிக்கை 1990இல் அரசின் மேல் தவறில்லை என்று சொன்னது. பிறகு பழங்குடி மக்களுக்கான அரச ஆணையம், ஜார்ஜ் இராஸ்மஸ், ரெனே டுசோ ஆகிய இருவரின் தலைமையில், போனவர்களையே நேரில் அழைத்து 1993இல் விசாரித்தது. 1994இல் வெளிவந்த அதன் அறிக்கை அரசின் நிலைப்பாட்டைப் புரட்டிப்போட்டது; கனடா வரலாற்றின் மிக மோசமான மனித உரிமை மீறல்களுள் ஒன்றாக இதை வகைப்படுத்தியது. நிகழ்ச்சி ஒன்றே, கோப்பை மட்டும் படித்தவர்களும் ஆளை அழைத்துக் கேட்டவர்களும் வெவ்வேறு இடத்திற்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

இறையாண்மைக் கோணத்தையும் முத்து தொட வேண்டும். போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் வடதுருவப் பகுதியில் வானிலை நிலையங்களும் தளங்களும் அமைக்கத் தொடங்கியிருந்தார்கள். ரெசொலூட்டில் கூட்டு வானிலை நிலையம் 1947இலேயே வந்துவிட்டது. குடிமக்கள் வசிக்காத தீவுகளின் மேல் உரிமை கொண்டாடுவதற்காக மனிதர்களைக் கொடிக்கம்பமாக நட்டார்கள் என்பது இனுயிட் தரப்பின் குற்றச்சாட்டு. ஆணையம் இதை முழுமையாகவும் ஏற்கவில்லை, ஒதுக்கவும் இல்லை. இனுக்ஜுவாக்கின் மக்கள்தொகை நெருக்கடியாக அரசு கருதியதே முதன்மைக் காரணம், இறையாண்மைக் கவலையும் அந்த முடிவில் பங்கு வகித்தது என்பதே அதன் முடிவு. கூட்டத்தில் யாராவது "எல்லாம் அமெரிக்காவுக்குப் பயந்து செய்தது" என்று ஒரே வரியில் முடித்தால், அப்படியல்ல என்று சொல்லுங்கள்.

மேலும் இது தனித்த நிகழ்ச்சியும் அன்று. அதே 1953இல் கிரீன்லாந்தின் தூலே பகுதியில் அமெரிக்க விமானத்தளத்தை விரிவுபடுத்துவதற்காக 116 பேரைச் சில நாள் அவகாசத்தில் ஊரைக் காலிசெய்ய வைத்து, வடக்கே கானாக்கிற்கு அனுப்பினார்கள். கனடாவின் கிழக்குக் கரையான லாப்ரடாரில் 1959ஆம் ஆண்டு ஹெப்ரான் என்ற இனுயிட் ஊரை மூடிய கதையை நான் மறக்கவே மாட்டேன். ஈஸ்டர் திங்களன்று மக்கள் தேவாலயத்தில் கூடியிருந்தபோது அந்த அறிவிப்பை வெளியிட்டார்கள். வழிபாட்டு இடத்தில் எதிர்த்துப் பேசுவதில்லை என்ற ஒழுக்கம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே யாரும் பேசவில்லை. அந்த மௌனமும் ஏதோ ஒரு கோப்பில் ஒப்புதலாகப் பதிவாகியிருக்கும் என்றே என் உத்தியோக புத்தி சொல்கிறது.

---

செக்காலை முத்து எழுதியது:

மீனா அவர்களுக்கும் ராமநாதன் ஐயாவுக்கும் நன்றி. பர்மா ஒப்பீட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே? பெரியவரிடம் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

---

மண்டபம் வழி வந்த குடும்பம் (பள்ளத்தூர் அருகே) எழுதியது:

முத்து அண்ணனுக்கு வணக்கம். பர்மா ஒப்பீடு பொருந்தாது என்று நான் சொன்னால் பெரியவர் வருத்தப்படக் கூடாது. நகரத்தார் பர்மாவுக்குத் தாமே விரும்பிக் கொண்டுவிற்கப் போனவர்கள். 1930இல் கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் மாவட்டங்களில் அவர்களிடம் 6 விழுக்காடு நிலம் இருந்தது. பெருமந்தத்தில் விவசாயிகள் கடன் கட்ட முடியாமல் போக, 1930களின் முடிவில் அது 25 விழுக்காட்டளவு ஆனது. 1942இல் ஜப்பானியர் வந்தபோதும், பின்னர் நில நாட்டுடைமையின்போதும் அவர்கள் இழந்தது பெருஞ்சொத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் திரும்பி வந்து தங்க வளவும் முகப்பும் உள்ள வீடு இங்கே காத்திருந்தது. நிலத்தை இழந்த பர்மிய உழவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கதையின் நிறமே வேறு. 1942இல் காட்டுவழியே நடந்து வந்து வழியில் மாண்ட கூலித்தொழிலாளர் கதையைச் சொன்னாலாவது கொஞ்சம் நெருங்கும்.

என் பக்கத்துக் கதை இன்னும் நெருக்கமானது என்று நினைக்கிறேன். என் தாத்தா காலத்தில் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திற்குப் போன குடும்பம் எங்களுடையது. 1948இல் அங்கே குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவோம் என்று. அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்டாவையும் குண்டாவையும் பிரித்து எழுதுவதுபோல எங்கள் மக்களைப் பிரித்தார்கள்; அண்டாவைக் கேட்டா பத்திரம் எழுதுவார்கள்?

ஆனால் சட்டத்தின் கண்ணில் நாங்களும் விண்ணப்பித்து வந்தவர்கள்தாம். விண்ணப்பத்தில் அம்மாவின் பெயரை எழுதியது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, ரேகை வைத்தது அம்மா. 1970களில் தோட்டங்களில் பஞ்சம் வந்து, மாவுக்கும் வழியில்லாமல் மக்கள் தவித்தபோது, அதுவரை தயங்கிக்கொண்டிருந்த பலரும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ராமநாதன் ஐயா சொன்ன ஊதா மை அங்கேயும் உண்டு. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தபோது, எங்கள் பாட்டி அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாங்க கண்டிக்குப் போகையில இங்கதாண்டி அடைச்சு வச்சிருந்தாங்க" என்றாராம். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்திற்கு ஆள் அனுப்பும் முன் நோய் பார்க்கத் தடுத்துவைத்த அதே முகாம்தான் திரும்பி வந்தவர்களுக்கும் வாசலாக இருந்தது. பிறகு சிலருக்குத் தொழில் தொடங்கக் கடன், சிலருக்கு நூற்பாலையில் வேலை, பலருக்கு 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தின் கீழ் நீலகிரியில் வேலை. எங்களுக்கு ஆலை. அம்மாவின் உடன்பிறந்தவர்களில் இருவர் கூடலூரில் இருக்கிறார்கள், ஒருவர் இலங்கையில் அட்டனிலேயே நின்றுவிட்டார். தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் சுவரைத் தட்டிக் கூப்பிட்டுப் பேசியவர்கள் மூன்று இடத்தில். நாங்கள் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் தெருவில் இன்றும் 'சிலோன்காரர் வீடு'தான்.

ஒப்பீட்டை இதற்குமேல் இழுக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வந்திறங்கிய இடத்தில் மொழி இருந்தது, கோயில் இருந்தது, வெயில் இருந்தது. அவர்களுக்கு வேட்டையாடும் அறிவே செல்லாக்காசானது.

மீனா அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். திரும்பிப்போக விடாததுதான் குற்றத்தின் மையம் என்றார்கள். விட்ட பிறகும் தீரவில்லையே? 1980களின் இறுதியில் ஏறத்தாழ 40 பேர் இனுக்ஜுவாக்கிற்குத் திரும்பினார்கள். அதற்குள் முப்பத்தைந்து ஆண்டுகள் போய்விட்டன. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வடக்கே பிறந்து, அந்தப் பனிக்கடலையே தம் ஊராக அறிந்து வளர்ந்தவர்கள். பெரியவர்கள் தெற்கே, பிள்ளைகள் வடக்கே என்று இரண்டாம் முறையும் குடும்பங்கள் பிரிந்தன. இங்கே புதைத்தவர்களை விட்டுப் போவதா, அங்கே இருக்கும் உடன்பிறந்தவர்களை விட்டு இங்கேயே இருப்பதா என்று முடிவெடுக்கும் பொறுப்பையும் அந்த மக்கள் தலையிலேயே வைத்தார்கள். கிரீஸ் ஃபியோர்ட்டில் இன்று வாழும் இளையவர்களிடம் போய் "நீங்கள் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள்" என்று மட்டும் சொன்னால், தாங்கள் கற்றுக்கொண்டு, வாழ்ந்து, நிலைநிறுத்திய ஊரை அழித்துச் சொல்வதாகவே அவர்களுக்குப் படும். கொடுமை நடந்ததும் உண்மை, அந்த ஊர் அவர்களுடையதும் உண்மை. எங்கள் ஆலைக் குடியிருப்பிலும் இதே பேச்சு வரும். அட்டனுக்கே திரும்பிப் போகலாமா என்று அம்மாவைக் கேட்டால், "யாரு இருக்கா அங்க?" என்பார்; போக வேண்டாம் என்று மட்டும் ஒருநாளும் சொல்ல மாட்டார்.

---

ஆத்தங்குடி மீனா எழுதியது:

தங்கைக்கு, நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். திரும்பும் வழியை அடைத்தது, சம்மதம் போலி என்பதற்குச் சான்று என்ற அளவில் என் வாதம் நிற்கும். இழப்பின் அளவைப் பேசும்போது அது போதாது. முத்து, உங்கள் கூட்டத்திற்கு இவர்களையும் அழையுங்கள். பர்மாவைப் பெரியவரே பேசிக்கொள்ளட்டும்.

---

பள்ளத்தூர்க்காரன் (இப்போது டொராண்டோவில்) எழுதியது:

தாமதமாகப் பார்த்தேன். மன்னிப்பு, இழப்பீடு பற்றிய பகுதி விடுபட்டிருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போனவர்கள் சார்பில் 10 மில்லியன் டாலர் இழப்பீடு கேட்டு 1980களிலேயே கோரிக்கை எழுந்தது. 1990இல் நாடாளுமன்றக் குழுவே மன்னிப்புக் கேட்கச் சொல்லியும் அரசு கேட்கவில்லை. 1996இல் 10 மில்லியன் டாலருக்கு ஓர் அறக்கட்டளை நிதியை ஏற்படுத்தினார்கள். மன்னிப்பு மட்டும் இல்லை. முத்து கேட்ட கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது: போனவர்கள் பட்ட துன்பத்தை அரசு ஒப்புக்கொண்டது, பதிலுக்கு, அன்றைய அதிகாரிகள் நல்ல நோக்கத்தோடுதான் திட்டமிட்டார்கள் என்று இனுயிட் தரப்பு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ராமநாதன் ஐயா அதிகாரிகளின் நல்லெண்ணத்தைப் பற்றிச் சொன்னார். அந்த நல்லெண்ணத்திற்கும் பாதிக்கப்பட்டவர்களிடமிருந்தே கையொப்பம் வாங்கிவைத்தார்கள் என்பதையும் ஐயா கவனிக்க வேண்டும். வயதாகிக்கொண்டே போகிறவர்களிடம், பணம் இப்போது, சொல் பிறகு என்று கேட்டால் என்ன செய்வார்கள்?

முறையான மன்னிப்பு 2010 ஆகஸ்ட் 18 அன்று இனுக்ஜுவாக்கில், அன்றைய அமைச்சர் ஜான் டங்கன் வாயிலாக வந்தது. பெரியவர்களில் பலர் அதற்குள் மறைந்துவிட்டார்கள். அவ்வாண்டே கிரீஸ் ஃபியோர்ட்டிலும் ரெசொலூட்டிலும் நினைவுச் சிற்பங்கள் நிறுவப்பட்டன. ரெசொலூட் சிற்பத்தைச் செதுக்கிய சிமியோனி அமகோவாலிக்கும் அந்தக் கப்பலில் போனவர்களுள் ஒருவர்.

இதே வரிசையில், இன்னொரு இனுயிட் சமூகமான அகியார்மியுட் மக்களை 1950 முதல் அடுத்தடுத்து இடம் மாற்றி, 1957-58 குளிர்காலத்தில் ஹெனிக் ஏரியருகே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்ததற்கு 2019 ஜனவரியில் மன்னிப்புக் கேட்டார்கள். வடக்குக் கியூபெக்கில் 1950களிலும் 60களிலும் இனுயிட் மக்களின் வண்டிநாய்களைச் சுட்டுக் கொன்றதற்கு 2024 நவம்பரில் மன்னிப்பும் 45 மில்லியன் டாலர் இழப்பீடும் வந்தன. நாய் போனால் வேட்டை போயிற்று, வேட்டை போனால் அரசு கட்டிய குடியிருப்பை விட்டு நகர வழியில்லை; ஆகவே அதையும் இடப்பெயர்ப்பின் இன்னொரு முகமாகவே இங்கே பலரும் பேசுகிறார்கள். அந்த மன்னிப்பை அரசின் சார்பில் கங்கிக்சுஜுவாக்கிற்குப் போய்ச் சொன்ன அமைச்சர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஹரி ஆனந்தசங்கரி. இந்தத் தகவலைச் சொன்னால் உங்கள் கூட்டத்தில் கைதட்டல் எழும், எழட்டும். ஆனால் அதற்கு முன்பாக, 1993 விசாரணையில் பெண்கள் சொன்ன வாக்குமூலங்களில் ஒன்றிரண்டையாவது தமிழில் ஆக்கி வாசித்துவிடுங்கள். ஆணையத்தின் அறிக்கை இணையத்தில் முழுமையாகவே கிடைக்கிறது. அதிகாரிகளின் கடிதப் பகுதியைப் பிறகு படித்தாலும் குறையில்லை, போனவர்கள் தாமே சொன்ன பகுதியிலிருந்தே தொடங்குங்கள்.